வதிவோரும் குடிகளும்

'குடி' என்பது தமிழில் மிகப் பழைய சொற்களுள் ஒன்று. குடும்பம், குலம், ஊர், நாட்டு மக்கள் எனப் பல பொருள் பயந்து வழங்குவது. திருக்குறளின் 96ஆம் அதிகாரம் 'குடிமை' என்னும் பெயருடையது. ஆயின் அங்கே கூறப்படுவது உயர்குடிப் பிறந்தாரின் இயல்பேயன்றி, இன்று நாம் வழங்கும் குடியுரிமையன்று. பிறப்பினால் வந்து சேர்வதெனக் கருதப்பட்ட ஒன்று, விண்ணப்பத்தாலும் பெறத்தக்கதாயினமை அண்மைக்காலத்துச் செய்தியேயாம். கனடாவின் பிரசாவுரிமைச் சட்டம் 1947 சனவரி 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் அத்தகைய சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்னர் இரு நாட்டாரும் பிரித்தானிய முடிக்குரிய பிரசைகளாகவே எண்ணப்பட்டனர்.

இப்பொருள் பற்றி நான் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் உண்டு. என் தம்பி கனடாவின் றொறன்ரோ மாநகரில் 25 ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறான். அவனுக்கு அங்குள்ளது நிரந்தர வதிவுரிமையேயன்றிப் பிரசாவுரிமையன்று. அவனுக்கு முன்னரே அந்நாடு சென்ற அவன் மனைவி விண்ணப்பித்துப் பிரசையாயினாள். பிள்ளைகள் இருவரும் அம்மண்ணிற் பிறந்தமையால் பிறந்த அன்றே பிரசைகள். அவ்வீட்டில் வதிவாளன் அவன் ஒருவனே. தேர்தல் நாளில் மூவரையும் காரில் ஏற்றிச் சென்று, வாக்களிக்கும் நிலையத்தின் வாயிலில் இறக்கிவிட்டு, தான் வெளியே காத்திருப்பானாம். ஏன் விண்ணப்பியாதிருக்கின்றாய் எனக் கடிதத்திற் கேட்டேன். "ஐயா உழுத நிலத்தையும் அம்மாவை எரித்த சுடலையையும் மறந்து, வேறோர் அரசனுக்குச் சத்தியஞ் செய்ய என் நா எழவில்லை, அண்ணை" என விடை வந்தது.

இவ்விடை அவன் ஒருவனுடையதன்று. புலம்பெயர்ந்து முதுமையை நெருங்கும் பலர் நெஞ்சில் உறைவது. ஆதலின் இதனைச் சற்று ஆராய்தல் தகும்.

நிரந்தர வதிவாளர் கனடாவில் தொழில் செய்யலாம், கல்வி பெறலாம், வைத்திய வசதிகளைப் பெறலாம், வரியும் செலுத்துவர். ஆயினும் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவோ, வேட்பாளராக நிற்கவோ அவர்க்கு உரிமையில்லை. எந்த ஐந்தாண்டுக் காலத்தை எடுத்துக்கொள்ளினும் அதில் 730 நாட்களேனும் அந்நாட்டில் இருந்திருத்தல் வேண்டும். தவறின் வதிவுரிமையை இழக்க நேரிடலாம். பாரதூரமான குற்றம் புரிந்தாராயின் நாட்டினின்றும் அகற்றப்படவுங் கூடும். நிரந்தரம் என்னும் அடைமொழி இருப்பினும், அவ்வுரிமை நிபந்தனைகளுக்கு உட்பட்டதே.

பிரசாவுரிமை வேண்டுவோர், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய ஐந்தாண்டுகளில் 1,095 நாட்கள் அந்நாட்டில் வாழ்ந்திருத்தல் வேண்டும். வதிவுரிமை பெறுமுன் சட்டப்படி தங்கிய ஒவ்வொரு நாளும் அரை நாளாகக் கணிக்கப்படும். அவ்வாறு சேர்ப்பது 365 நாட்களுக்கு மேற்படலாகாது. வருமான வரி விபரங்களை முறைப்படி சமர்ப்பித்திருத்தலும் வேண்டும். 18 முதல் 54 வயது வரையுள்ளோர் ஆங்கிலம் அல்லது பிரெஞ்சு மொழியறிவைக் காட்டி, நாட்டின் வரலாறு, புவியியல், ஆட்சிமுறை, உரிமைகள், கடமைகள் பற்றிய 20 வினாக்களுள் 15க்கேனும் சரியான விடை அளித்தல் வேண்டும். என் தம்பிக்கு 55 வயது நிறைந்துவிட்டது. மொழித் தகைமையும் பரீட்சையும் அவனுக்கு இல்லை. ஆகவே தடையாய் நிற்பது சத்தியப் பிரமாணம் ஒன்றே.

அச்சத்தியம் மூன்றாம் சார்ள்ஸ் மன்னருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் விசுவாசமாயிருப்பதாகக் கூறுவது. கனடாவின் சட்டங்களைப் பேணுவதாகவும் உறுதியளிப்பது. 2021ஆம் ஆண்டு தொடக்கம், அம்மண்ணின் ஆதிக்குடிகளான முதற் குடிகள், இனுயிற், மெற்றி மக்களின் உரிமைகளை அரசியலமைப்பு ஏற்றுள்ளமையும் அதிற் குறிக்கப்படுகிறது. புதிதாய் வருவோன் தனக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோரை நினைந்து சொல்லும் சத்தியம் அது. ஐயா உழுத நிலத்தை மறவாதவனுக்கு, பிறர் தம் முன்னோர் நிலத்தை மறவாமையின் அருமை விளங்காமற் போகாது.

மன்னரைப் பற்றிய தயக்கத்துக்கும் விடை உண்டு. என் தம்பி பிறந்தது 1970இல். அப்பொழுது இலங்கையின் அரசியாய் விளங்கியவர் இம்மன்னரின் தாயாரான எலிசபெத் மகாராணியாரே. 1972 மே 22ஆந் திகதியன்றே இலங்கை குடியரசாயிற்று. ஆகவே அவன் 'வேறோர் அரசன்' எனக் கூறும் அம்முடியின் கீழேதான் அவனும் பிறந்தான்; ஐயாவும் அந்நிலத்தை உழுதார்.

இழப்பு எதுவுமில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. வேறொரு நாட்டின் பிரசாவுரிமையைத் தானே விரும்பிப் பெறுபவர், இலங்கைச் சட்டப்படி இந்நாட்டுப் பிரசாவுரிமையை இழப்பர். எனினும் 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி விண்ணப்பித்து, அமைச்சர் இசையின், அதனை வைத்துக்கொள்ளலாம். இழந்தபின் மீளவும் பெறலாம். இரட்டைப் பிரசாவுரிமையைக் கனடா 1977இலிருந்து தடைசெய்யவில்லை. ஒன்றைப் பெற மற்றையதை என்றென்றைக்கும் துறத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை.

இவ்விடத்தில் நம் மலையகத்து மக்களை எண்ணாதிருத்தல் இயலாது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாக்கிஸ்தானிய வதிவோர் சட்டமும் நாட்கணக்கையே கேட்டது. 1946 சனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானோர் 7 ஆண்டுகளும் ஏனையோர் 10 ஆண்டுகளும் இடையறாது இந்நாட்டில் வாழ்ந்தமையைக் காட்டல் வேண்டும் என்றது. தேயிலைக் கொழுந்து பறித்துத் தேய்ந்த கைகள் அதற்குச் சான்றாகவில்லை; பத்திரங்களே வேண்டப்பட்டன. விண்ணப்பித்தோருட் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அவர்தம் விருப்பத்தை எவரும் வினவினாரல்லர். எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்க 2003ஆம் ஆண்டிலும் ஒரு சட்டம் வேண்டியிருந்தது. கதவு அடைக்கப்பட்டதால் அரை நூற்றாண்டு வாசலில் நின்றோர் அவர்கள். கதவு திறந்திருக்கவும் வாசலில் நிற்பதை நாட்டுப்பற்று எனக் கொள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

1986 ஓகத்து மாதத்தில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழரை அந்நாட்டு மீனவர் காப்பாற்றினர். 25 ஆண்டுகள் கழித்து, 2011இல், யாழ்ப்பாணத்திற் பிறந்த ராதிகா சிற்சபைஈசன் கனடிய நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். இடைப்பட்ட காலத்திலே, வந்தவர் பலர் வதிவோராய் நின்றுவிடாது குடிகளாயினர், வாக்காளராயினர். அவ்வாறன்றித் தயங்கியே நின்றிருப்பின், அம்மன்றிலே நம்மவர் குரலுக்கு இடம் ஏது?

பிறந்த ஊரோடுள்ள தொடர்பை அறுப்பது சத்தியமன்று, மறதியே. பிள்ளைகளுக்குத் தமிழைக் கற்பியாது விடின், ஊருக்குக் கடிதம் எழுதாது விடின், இலங்கைக் கடவுச்சீட்டு பேழையில் இருந்தும் பயனில்லை. இவற்றைப் பேணுவோன் எந்நாட்டுப் பிரசையாயினும் நம் ஊரவனே. உழைப்பையும் வரியையும் 25 ஆண்டுகள் ஒரு நாட்டுக்கு வழங்கியவன், தன் சொல்லையும் அதற்கு வழங்குதலே முறை. இதனையே தம்பிக்கும் எழுதியுள்ளேன். அவனைப் போல் தயங்கி நிற்கும் உறவினரை உடையோரும் தத்தம் வீட்டாருக்கு எழுதுவார்களாக.