பழைய சத்ரியாவில் புதிய பாட்டு

2012ஆம் ஆண்டு பருவ விடுமுறைக்கு உம்பாய் வந்திருந்தேன். அப்போது நான் மின்பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவன். வீட்டில் எனக்காக ஒரு வேலை காத்திருந்தது. அது என் சித்தப்பாவின் புரோட்டோன் சத்ரியா ஜிடிஐ.

1998இல் வெளிவந்த அந்தக் காரைப் பற்றி நம் இளைஞர்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. மூன்று கதவுகள், மிட்சுபிஷியின் 1.8 லிட்டர் இயந்திரம், லோட்டஸ் பொறியாளர்கள் சீர்செய்த ஓட்டம். சத்ரியா என்ற மலாய்ச் சொல்லின் வேர் நம் சத்திரியன்தான் என்பதில் சித்தப்பாவுக்குத் தனிப் பெருமை. மெர்லிமாவ் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, பல வருடம் ஓவர்டைம் செய்து அதைப் பழைய விலைக்கு வாங்கினார். வாங்கிய கையோடு ஒரு கடையில் கொடுத்து ஆம்பும் சப்வூஃபரும் போட்டுக்கொண்டார்.

ஒருநாள் இரவு மெர்லிமாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். செர்க்காம் தாண்டியதும் பாட்டு நின்றது. “டேய், என்னமோ கருகுற வாசம் வருதுடா” என்றார் சித்தப்பா. ஓரம்கட்டினோம். என் காலடிக் கம்பளத்தின் கீழிருந்து புகை. சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்த பிறகும் புகை நிற்கவில்லை. போனட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றியபோதுதான் நின்றது. அந்த ஸ்பேனர் காரில் இல்லாதிருந்தால் கார் மிஞ்சியிருக்காது.

மறுநாள் கம்பளத்தைத் தூக்கிப் பார்த்ததும் காரணம் புரிந்தது. ஆம்புக்குப் போகும் தடித்த சிவப்பு ஒயர் பேட்டரியிலிருந்து நேராகக் கிளம்பி, இயந்திர அறைக்கும் காருக்குள்ளும் இடையிலுள்ள இரும்புத் தகட்டைத் துளைத்து வருகிறது. துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. கார் அதிர அதிர, தகடு ஒயரின் உறையைச் சிறிது சிறிதாக அறுத்துவிட்டது. காரின் உடல் முழுவதும் பேட்டரியின் மைனஸோடு இணைந்தது. செம்பு தகட்டைத் தொட்டதும் ஷார்ட் ஆனது. ஸ்டார்ட்டரைச் சுழற்ற நூறு ஆம்பியருக்கு மேல் கொடுக்கக்கூடிய பேட்டரி, தன் வலு முழுவதையும் அந்த ஒயரில் கொட்டியிருக்கிறது.

ஆம்பில் ஃபியூஸ் இருந்ததே என்று சித்தப்பா கேட்டார். பலரும் கேட்கும் கேள்வி இது. ஆம்பில் உள்ள ஃபியூஸ் ஆம்பின் கோளாறுக்கு மட்டுமே பாதுகாப்பு. ஒயர் நடுவழியில் ஷார்ட் ஆனால் மின்சாரம் அந்த ஃபியூஸ்வரை போகவே போகாது. ஒயரைக் காப்பாற்றும் ஃபியூஸ் பேட்டரியின் அருகில், அதாவது 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதன் அளவை ஆம்பின் வாட்டைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. ஒயர் தாங்கக்கூடியதைவிட அது பெரிதாக இருக்கவே கூடாது. அந்தக் கடைக்காரர் முன் ஃபியூஸ் போடவே இல்லை.

இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. ஒயரைக் கத்தியால் சுரண்டியபோது சிவப்புக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்தது. செம்புப் பூச்சு கொண்ட அலுமினியம்! அலுமினியத்தின் மின்கடத்துத்திறன் செம்பில் ஏறக்குறைய 60 விழுக்காடுதான். அதே தடிமன் என்றாலும் அதே சுமையைத் தாங்காது. முழுச் செம்பு ஒயர் வாங்கி, துளைக்கு ரப்பர் வளையம் போட்டு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்து மறுபடி இழுத்தேன்.

அடுத்தது எர்த். உம்பாய் கடலோர ஊர். உப்புக் காற்று பழைய காரை விடுவதில்லை. பின்புறம் ஆம்பின் எர்த் ஒயரைப் பெயிண்ட்டின் மேலேயே முடுக்கியிருந்தார்கள். அடியில் துரு. இதனால்தான் இயந்திரம் வேகமெடுக்கும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘ஙொய்ய்’ என்ற ஓசையும் ஏறி இறங்கியது. எர்த் சரியில்லாவிட்டால் ரேடியோவுக்கும் ஆம்புக்கும் இடையே சிறு மின்னழுத்த வேறுபாடு உண்டாகி, ஆல்டர்னேட்டரின் இரைச்சல் பாட்டோடு கலந்துவிடும். பெயிண்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பில் முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். அரை மீட்டருக்கு மேல் ஒயர் நீளவில்லை. பக்கத்திலிருந்த சீட் பெல்ட் போல்ட்டைத் தொடவில்லை. அது உயிர் காக்க இருப்பது. மின் ஒயரைக் காரின் இடப்பக்கமும் பாட்டு வரும் கேபிளை வலப்பக்கமும் கொண்டுபோனேன். இரைச்சல் போய்விட்டது.

பெட்டியில் அச்சடித்திருக்கும் வாட் கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘50 வாட் × 4’ என்று போட்ட ரேடியோவின் முதுகில் 10 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருந்தது. ஓடும் காரில் கிடைப்பது ஏறக்குறைய 14.4 வோல்ட். பெருக்கினால் 144 வாட். உள்ளே போவதே 144 என்றால் வெளியே 200 எப்படி வரும்? அந்த வோல்ட்டேஜில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்க முடிவது கணக்குப்படியே 26 வாட்டைத் தாண்டாது; நடைமுறையில் 20ஐ ஒட்டித்தான் நிற்கும். பயப்பட வேண்டாம், காருக்குள் கேட்க அதுவே போதும்.

ஹாஃப் கட் கடைகளில் ஜப்பான் ரேடியோ மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆசைப்படுவோரும் உண்டு. ஜப்பானின் பழைய பண்பலை வரிசை 76இலிருந்து 90 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டுமே. நம் நாட்டு நிலையங்களோ பெரும்பாலும் அதற்கு மேல். வாங்கி மாட்டிய பிறகு மின்னல் எஃப்எம் எங்கே என்று தேடித் தேடிக் கை வலிக்கும்.

கடைசியாகக் கதவு ஸ்பீக்கர்கள். இளையராஜா பாடல்களில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகுமே, அது சித்தப்பாவின் காரில் கேட்கவே இல்லை. சப்வூஃபரை ஏற்றினால் இடி மட்டும் வந்தது. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை எடுத்து ஸ்பீக்கர் ஒயர்களில் ஒரு நொடி தொட்டுப் பார்த்தேன். பிளஸ் பிளஸோடு சேர்ந்தால் கூம்பு வெளியே தள்ள வேண்டும். இடப்பக்கம் தள்ளியது; வலப்பக்கம் உள்ளிழுத்தது. ஒன்று தள்ள மற்றது இழுத்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டு ஒயர்களை மாற்றிப் போட்டேன், அவ்வளவுதான். கதவின் உள்தகட்டிலிருந்த பெரிய ஓட்டைகளைப் பியூட்டைல் தாளால் மூடினேன். மழைநீர் வடியும் அடித்துளைகளை மட்டும் விட்டுவைத்தேன். மூன்று கதவுக் காரில் கதவு நீளமானது. கீல் பக்கம் ஒயர் நிறைய மடங்கும். அதனால் அங்கே கொஞ்சம் தளர்வாக விட்டேன்.

அன்று மாலை பாட்டைப் போட்டதும் சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு பாட்டு முடிந்து அடுத்ததும் முடிந்த பிறகு, “இவ்வளவும் இதுக்குள்ள இருந்துச்சா?” என்றார். சப்வூஃபரின் ஒலியைப் பாதியாகக் குறைத்ததும் அவரேதான்.

கார் இன்னும் இருக்கிறது. இகான் பாக்கார் வாங்கக் கடற்கரைக் கடைகளுக்கு அதில்தான் போகிறோம். வீடு திரும்பியதும் போனட்டைத் திறந்து, விரலால் அந்த ஃபியூஸ் கூட்டைத் தொட்டுப் பார்ப்பது அவர் வழக்கம். அது சுட்டால் இணைப்பு எங்கோ தளர்ந்திருக்கிறது என்று பொருள். இதுவரை சுட்டதில்லை.