எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வாட்டும் மனச்சோர்வு: கூடி உட்கார்ந்து பேசினால் குணமாகும்!

செங்கல்பட்டு:

மாமல்லபுரத்தில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக செங்கல்பட்டு வந்து விடலாம். இங்குள்ள அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்து இலவசம். ஆனால் மாத்திரை வாங்கிட்டு போறவங்க எல்லாரும் அதை முழுங்குறாங்களா?

'இனி வாழ்ந்து என்ன?' என்ற விரக்தியில் நிறுத்தி விடுபவர்களும் உண்டு. தூக்கம் வராது, சோறு இறங்காது, எதிலும் பிடிப்பு இருக்காது. 2 வாரத்துக்கு மேல் இப்படியே இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். சோம்பேறித்தனம் அல்ல.

மாத்திரையை விட்டால்...

அடங்கி கிடந்த கிருமி மறுபடி பெருகும். தினமும் தவறாமல் சாப்பிட்டு, பரிசோதனையில் கிருமி தெரியாத அளவுக்கு குறைந்தே இருந்தால் உடலுறவு மூலம் துணைக்கு பரவாது.

இதே மாவட்டத்தில் உள்ள தாம்பரம் சானடோரியம் ஆஸ்பத்திரி, 2004-ம் ஆண்டு ஏப்ரலில் நாட்டிலேயே முதலில் இலவச கூட்டு மருந்து தொடங்கிய மையங்களில் ஒன்று. மருந்து கிடைத்து விட்டது. மனசுக்கு?

8 வார பேச்சு

ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக சிறு குழுக்கள். வாரம் ஒரு முறை, மொத்தம் 8 முறை கூடினார்கள். நடத்தியவர்கள் பயிற்சி பெற்ற சாதாரண சுகாதார ஊழியர்கள்.

முதலில் மனசில் உள்ளதை கொட்டுவார்கள். பிறகு ஊர் பேச்சை சமாளிப்பது எப்படி என்று பேசுவார்கள். கடைசியில் நாலு காசு சம்பாதிக்க வழி கற்றுத்தரப்படும்.

30 சுகாதார மையங்களில் 1,140 பேரிடம் நடந்த இந்த ஆய்வு 2020-ல் வெளியானது. 6 மாதம் கழித்து பார்த்தபோது, கூடி உட்கார்ந்து எச்.ஐ.வி. விளக்கம் மட்டும் கேட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. மனம் விட்டு பேசியவர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவு!

வெளியே தெரிஞ்சிடுமா?

குழுவில் கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்பதே முதல் விதி. எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் ஒருவரது எச்.ஐ.வி. விவரத்தை வெளியிடவும், அதை காரணம் காட்டி வேலையை விட்டு அனுப்பவும் 2017-ம் ஆண்டு சட்டம் தடை விதிக்கிறது.

மாத்திரை வாங்க போகும்போதே கவுன்சிலரிடம் 'மனசு சரியில்லை' என்று சொல்லுங்கள். மனநல டாக்டரிடம் அனுப்புவார். எச்.ஐ.வி. சந்தேகங்களுக்கு 1097, மனசு பாரத்துக்கு 14416. இரண்டுமே இலவச போன் தான்.