கோழித் தலைக்குள் விசர்நோய்த் தடுப்பு மருந்து

1978 ஒக்ரோபரில், சுவிற்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித் தலைகளைக் காட்டோரமெங்கும் போட்டுச் சென்றார்கள். ஒவ்வொரு தலைக்குள்ளும் விசர்நோய்த் தடுப்பு மருந்து அடைத்த சிறு உறை இருந்தது. ஜெனீவா ஏரிப் பக்கமிருந்து நரிகளோடு பரவி வந்த நோயைப் பள்ளத்தாக்கின் வாசலிலேயே மறிப்பதுதான் நோக்கம். பேர்ண் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிரான்ஸ் ஸ்ரெக் முன்னின்று நடத்திய வேலை அது. நரிகள் தின்றன, நோய் தாண்டவில்லை. 1999இல் அந்த நாடே விசர்நோயற்றதாக அறிவிக்கப்பட்டது.

காட்டு நரியைப் பிடித்து ஊசி போட யாரால் முடியும்? அதனால் மருந்தை இரைக்குள் வைத்தார்கள். பின்னாளில் கோழித் தலைக்குப் பதிலாக மீன்தூள், கொழுப்பு சேர்த்த இரைகள் வந்தன. விலங்கு கடிக்கும்போது உறை கிழிந்து, மருந்து வாயின் உட்தோலையும் தொண்டையையும் நனைக்க வேண்டும். அங்கிருந்துதான் எதிர்ப்புச் சக்தி உருவாகிறது. மெல்லாமல் விழுங்கினால் மருந்து வயிற்றில் வீணாகிவிடும்.

யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்கு இது எதற்கு?

இங்கே கீரிக்கும் நரிக்கும் விசர் வரலாம் என்றாலும், மனிதரைக் கொல்வது பெரும்பாலும் நாய்க்கடிதான். 1973இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தார்கள். நாய்களுக்கான தடுப்பூசியும், கடிபட்டவர்களுக்கு அரச மருத்துவமனைகளில் கிடைக்கும் இலவச சிகிச்சையும் அந்தத் தொகையை வெகுவாகக் குறைத்தன. வளர்ப்பு நாயைச் சங்கிலியில் கொண்டுபோய் ஊசி போடலாம். சந்தியிலும் தோட்டவெளியிலும் திரியும் கட்டாக்காலி நாயோ, ஆளைக் கண்டதும் ஓடிவிடும். மிச்சமிருக்கும் சிக்கல் அதுதான்.

இந்த நாய்களுக்கும் இரைவழி மருந்து பொருந்துமா என்று இலங்கையிலேயே முன்னோடி ஆய்வொன்று நடந்து, 2000ஆம் ஆண்டில் அதன் முடிவுகள் வெளியாகின. இந்தியாவின் கோவாவில் மருந்தில்லாத வெற்று இரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். வலையோடு நாய்களைத் துரத்திப் பிடித்த குழுவைவிட, ஸ்கூட்டரில் இரை கொடுத்துச் சென்ற சிலரால் கூடுதலான நாய்களை நெருங்க முடிந்தது. ஊரில் இரையை எறிந்துவிட்டுப் போகக் கூடாது. நாய் தின்னும்வரை நின்று, மிச்ச உறையைப் பொறுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் சிறுபிள்ளைகள் எடுத்துவிடுவார்கள். உலக சுகாதார நிறுவனமும் இரைவழி மருந்தை ஊசிக்கு மாற்றாகவல்ல, துணையாகவே பரிந்துரைக்கிறது. பிடிபடாத நாய்களுக்கு இந்த வழியை யாழ்ப்பாணத்திலும் முயன்று பார்க்கத்தான் வேண்டும்.

அதுவரை உங்கள் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுங்கள். கடிபட்டால், சிறு கீறலானாலும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆசுபத்திரிக்குப் போங்கள். நோயின் அறிகுறி தெரிந்த பிறகு பிழைப்பது மிக மிக அரிது.