தீ வெளியே, வெப்பம் உள்ளே

பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் வீட்டை வெப்பமாக்க வழி தேடுவார் இலர். வெயிலைத் தணிக்க வழி தேடுவோரே பலர். ஆயினும், வீட்டைக் கதகதப்பாக்கும் விறகுக் கொதிகலனைப் பற்றிப் பேச அவ்வூர் ஏற்ற இடமே. அங்குள்ள சர்க்கரை ஆலையைப் பாருங்கள். சாறு பிழிந்த கரும்புச் சக்கைதான் கொதிகலனுக்கு எரிபொருள். தீ ஓரிடத்தில் எரிகிறது. அதன் வெப்பம் நீராவியாகிக் குழாய் வழியே வேறிடம் சென்று வேலை செய்கிறது. இத்தத்துவத்தைச் சிறிய அளவில் வீட்டிற்குக் கொண்டுவந்ததே விறகுக் கொதிகலன்.

நம் பாட்டிமார் வெந்நீர் போட்ட செம்புப் பாய்லரும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. நடுவே ஒரு குழாய்; அதனுள் தணல்; சுற்றிலும் நீர். தீயை நீர் சூழ்ந்திருப்பதால் வெப்பம் அதிகம் வீணாவதில்லை.

நம் நாட்டில் வீட்டிற்குள் கணப்பு வேண்டிய இடங்களுள் ஒன்று நீலகிரி. 1820-களில் உதகமண்டலத்தில் குடியேறிய ஐரோப்பியர், தம் நாட்டு வழக்கப்படி சுவரில் கணப்படுப்பு அமைத்தனர். காண அழகியதுதான், ஆனால் திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்திற்குப் போய்விடும். அறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே. விறகுக்காகச் சோலைக்காடுகள் வெட்டுண்டன. அத்தேவையை ஈடுசெய்ய, 1843-இல் நீலகிரிக்கு வந்த தைலமரம் பின்னர்த் தோப்புத் தோப்பாக வளர்க்கப்பட்டது. ஆகவே, நல்ல அடுப்பா தீய அடுப்பா என்பது ஒரு வீட்டின் செலவுக் கணக்கு மட்டுமன்று. ஒரு காட்டின் வாழ்வும் அதில் அடங்கியிருக்கிறது.

இனி, நல்ல கொதிகலனின் இலக்கணத்தைக் காண்போம். விறகு சூடேறும்போது அதிலிருந்து எரிவாயுக்கள் வெளிப்படுகின்றன. நாம் காணும் சுடர் அவ்வாயுக்கள் எரிவதே. காற்றுப் போதாவிடினும், சுடர் முழுதும் எரியுமுன் குளிர்ந்துவிடினும் அவை புகையாகின்றன. புகை என்பது எரியாது போன எரிபொருளே! ஆதலால் எரியறையில் தீச்செங்கல் பதித்து, சுடர் நன்கு எரிந்தபின், அவ்வனற்காற்றை நீர் சூழ்ந்த குழாய்களில் செலுத்துகின்றனர். சூடேறிய நீர் அறைகளில் உள்ள உலோகப் பலகைகளுக்குச் சென்று, வெப்பத்தைத் தந்துவிட்டுத் திரும்புகிறது.

உலர்ந்த விறகு ஒரு கிலோ சுமார் 3,500 கிலோ கலோரி வெப்பம் தரும். பச்சை விறகிலோ ஏறக்குறையப் பாதி நீர். அந்நீரில் ஒவ்வொரு கிலோவையும் ஆவியாக்கவே சுமார் 600 கிலோ கலோரி செலவாகும். எனவே, விறகை உலர்த்துவதே முதற் சிக்கனம்.

அடுத்தது, நீர்த்தொட்டி. 500 லிட்டர் நீர் 80 பாகையிலிருந்து 40 பாகைக்குக் குளிரும்போது 20,000 கிலோ கலோரி வெப்பத்தை வெளிவிடும். நூற்றுக்கு எண்பது பங்கு வெப்பத்தை நீருக்கு ஊட்டும் கொதிகலனாயின், ஏழெட்டுக் கிலோ விறகே இதற்குப் போதும். மாலையில் மூட்டிய தீ அணைந்தபின்னும் இரவில் வீடு வெதுவெதுப்பாக இருக்கும்.

மாணவ நண்பர்களே, யாவற்றினும் முக்கியமானது உயிர்க்காப்பு. குளிர் தாங்காது, மூடிய அறையில் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியோர் விழிக்காமலே போனதுண்டு. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயுவே அதற்குக் காரணம். கொதிகலனை உறங்கும் அறைக்குப் புறத்தே, தக்க புகைபோக்கியுடனும் காற்று வரும் வழியுடனும் அமைத்தால், வெந்நீர் மட்டுமே உள்ளே வரும், நஞ்சு வராது. இன்னொன்று: நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும். ஆகையால், மூடிய கொதிகலனுக்குக் காப்பு வால்வு இன்றியமையாதது.

கொதிகலன் அழகாகவும் இருக்க வேண்டாவா என்பீர்கள். வேண்டும். புளியிட்டுத் துலக்கிய செம்புப் பாய்லர் நம் இல்லங்களில் பொன்போல் மின்னவில்லையா? ஆனால் கொதிகலன் வாங்கச் செல்வோர் அதன் மேற்பூச்சை மட்டும் பார்த்துத் திரும்பலாகாது. அது எரியும்போது வெளியே வந்து புகைபோக்கியின் உச்சியை நோக்க வேண்டும். அங்கே கரும்புகை இல்லையெனில், விறகும் வீணாகவில்லை, காடும் வீணாகவில்லை. அத்தகைய கொதிகலனே உண்மையில் அழகியது.