ஆறு இழை இடைவெளி

தேசூரில் எங்கள் வீட்டுத் தறிக்குழியில் ஐம்பது வருஷம் ஆரணிப் பட்டு நெய்தவர் என் அப்பா. பாவில் ஓர் இழை அறுந்தால் கண்ணுக்கு முன்னால் அவர் விரலுக்குத் தெரிந்துவிடும். கடைவாய்ப் பல்லுக்குப் பீங்கான் கேப் போட்ட ஆறாம் மாதம், “இன்னாடா இது, கீரை தின்னா கேப்புக்குள்ள பூந்துக்குது” என்றார். ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் கசிந்தது.

நான் சென்னையில் ஒரு பல் லேப்பில் கேப் செய்கிறவன். அப்பாவுக்குப் போட்டது என் கையால் செய்ததல்ல. அதற்காகப் பல்லுக்கு எடுத்த மாவுக்கல் அச்சைக் கேட்டு வாங்கி லென்ஸில் பார்த்தேன்.

கேப்பின் விளிம்புக்கும் பல்லுக்கும் நடுவே 120 மைக்ரானுக்கு மேல் இடைவெளி கூடாது என்பது, மெக்லீனும் வான் ஃப்ரான்ஹோஃபரும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பற்களை ஐந்து வருஷம் கவனித்து 1971-இல் சொன்ன கணக்கு. பட்டுக்கூட்டிலிருந்து வரும் ஒற்றை இழை ஏறத்தாழ 20 மைக்ரான். ஆறு இழையைப் பக்கம் பக்கமாக வைத்தால் அவ்வளவுதான். அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் சிமெண்ட் கரையும், சொத்தை நுழையும்.

கேப் செய்ய இன்று இரண்டு வழிகள் அதிகம். ஒன்று, சுவாமிமலையில் சிலை வார்க்கிற வழியேதான். மெழுகில் பல்லைச் செதுக்கி, சுற்றி மாவு ஊற்றி, சூளையில் மெழுகை எரித்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் 900 டிகிரிக்கு மேல் இளகிய பீங்கானை அழுத்துவோம். பீங்கான் ஆறும்போது சுருங்கும். அதை ஈடுகட்ட மாவு விரிய வேண்டும். மாவில் கலக்கும் திரவம் கொஞ்சம் மாறினாலும் கேப் இறுகும், அல்லது ஆடும். இங்கே எல்லாம் கைப்பக்குவம்.

மற்றது மில்லிங். 1985-இல் சூரிச்சில் இந்த வழியில் முதல் நோயாளிக்குப் பல் அடைத்தார்கள். கேமரா பல்லையோ அதன் அச்சையோ அளக்கும், மெஷின் பீங்கான் கட்டியைக் கடையும். சிர்கோனியா என்ற பீங்கானைச் சுண்ணாம்புபோல் மென்மையாக இருக்கும்போதே கால் பங்குவரை பெரிதாகக் கடைந்து, 1,500 டிகிரியில் சுடுவோம். சுருங்கி அளவுக்கு வரும். பச்சைப் பட்டை வேகவைத்தால் எடை எவ்வளவு குறையும் என்று முன்கூட்டியே கணக்கு வைக்கிறோமே, அதேதான். எவ்வளவு பெரிதாக்குவது என்ற எண் ஒவ்வொரு கட்டியிலும் அச்சிட்டிருக்கும். தப்பாகப் பதிந்தால் முழு கேப்பும் பொருந்தாது. மெஷினின் ஊசி முனைக்கும் ஒரு பருமன் உண்டு. டாக்டர் பல்லைக் கூராகச் செதுக்கியிருந்தால், அந்த மூலைக்காக ஊசி உள்பக்கத்தை அதிகமாகக் குடைந்துவிடும்.

கவனமாகச் செய்தால் இரண்டு வழியிலும் 120-க்குள் நிற்கும். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்: “மெஷினில் செய்ததா?” என்று கேட்டுவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள், அளவு எப்படி எடுத்தார்கள் என்று கேட்பதில்லை.

அப்பாவின் கேப்பும் மெஷினில் செய்ததுதான். அதன் அச்சில் விளிம்போரம் ஒரு காற்றுக்குமிழி. அளவெடுத்தபோது ஈறு மூடியிருந்த இடம். மெஷின் அந்தக் குமிழியை அப்படியே நம்பிக் கடைந்திருக்கிறது. ஜக்கார்டு அட்டையில் ஒரு துளை தப்பினால் தறி நிற்காது. சேலை முழுக்க அதே தப்பு நெய்துகொண்டே போகும்.

டாக்டர் ஈறை நூல் வைத்து ஒதுக்கி மறுபடி அளவெடுத்தார். புதிய சிர்கோனியா கேப்பை நானே செய்தேன். ஒட்டுவதற்கு முன் டாக்டர் கூர்முனைக் கம்பியால் விளிம்பைச் சுற்றி இழுத்துப் பார்த்தார்; எங்கும் சிக்கவில்லை. ஒட்டி முடித்ததும் அப்பா நாக்கால் மெல்லத் தடவினார், சேலைக் கரையில் விரல் ஓட்டுவதுபோல.

“முடிச்சு தெரியலடா” என்றார்.