பத்திரமும் பட்டாவும் போதுமா? மனை வாங்கும் முன் தெரிய வேண்டியவை

மனை வாங்குவோர் முதலில் பார்ப்பது பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று. நிலம் யாருடையது என்பதற்கு இவை ஆதாரம். அங்கே வீடு கட்டலாமா என்பதற்குத் திட்ட அனுமதிதான் ஆதாரம். இந்த வேறுபாடு தெரியாமல் சேமிப்பு முழுவதையும் முடக்கிவிட்டுத் தவிக்கும் குடும்பங்கள் ஏராளம்.

யார் அனுமதி தருவது?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன்படி மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தருவது சென்னைப் பெருநகரப் பகுதியில் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ). மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககம் (டிடிசிபி). 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம். ஊராட்சித் தலைவரின் கையெழுத்து மனைப்பிரிவு ஒப்புதல் ஆகாது.

விவசாய நிலம் என்றால்?

முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) உள்ள ஊரில், அதில் விவசாயப் பகுதி என்று குறித்த நிலத்தை மனையாக்க முதலில் நிலப் பயன்பாட்டு மாற்றம் பெற வேண்டும். திட்டம் இல்லாத பகுதியில் நன்செய் நிலத்துக்கு மாவட்ட ஆட்சியரின் இசைவும் தேவை. ஒரு வயல் மனையானால் பக்கத்து வயலின் வாய்க்காலும் வடிகாலும் அடைபடக்கூடும். இந்தக் கட்டுப்பாட்டை வெறும் அலுவலகத் தொல்லை என்று ஒதுக்க முடியாது.

பதிவானால் கட்டலாமா?

அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்கு 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபர் 20 முதல் இத்தகைய மனைகளின் பதிவைத் தடுக்கும், பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே மனையாகப் பதிவானவற்றை மறுபடி விற்கலாம். சிக்கல் இங்கேதான். பத்திரம் தடையின்றிப் பதிவாகும். ஆனால் அங்கீகாரமில்லா மனைகளை முறைப்படுத்துவதற்கான 2017 விதிகளின்படி வரன்முறைப்படுத்தாத மனைக்குக் கட்டட அனுமதி கிடைக்காது.

சுயசான்று யாருக்கு?

2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோருக்கு 2024 ஜூலையில் சுயசான்று முறை வந்தது. இணையத்தில் ஆவணங்களைப் பதிவேற்றிக் கட்டணம் செலுத்தினால், முன்கூட்டிய கள ஆய்வு இல்லாமலே அனுமதி கிடைக்கும். சாமானியருக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் தரும் விவரங்களுக்கு உரிமையாளரே பொறுப்பு. பொய்யென்று தெரிந்தால் அனுமதி ரத்தாகும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

ஒப்புதல் எண்ணுள்ள லேஅவுட் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண் உண்மைதானா என்று டிடிசிபி அல்லது சிஎம்டிஏவில் சரிபாருங்கள். வரைபடத்தில் உள்ள சாலையும் பூங்காவும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதித் தரப்பட்டுள்ளனவா என்றும் பாருங்கள். காட்டத் தயங்குபவரிடம் மனை வாங்க வேண்டாம்.