பூநகரிக் கள்ளை ஏன் பூநகரியிலேயே குடிக்கவேண்டும்?

பிரான்சில் வாழும் எங்களவர்கள் சிலர் பொர்தோ பக்கம் ஒருநாள் சுற்றுலா போய், திராட்சைத் தோட்டங்களில் வைன் சுவைபார்த்து வருகிறார்கள். எங்கள் மண்ணில் அப்படியொரு பயணம் உண்டா என்று கேட்டால், கடந்த மாசியில் நான் போய்வந்த பூநகரியைத்தான் சொல்வேன். யாழ்ப்பாணத்திலிருந்து கேரதீவு வழியாக, 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டினால் பூநகரி மண். பனங்கூடல்கள் கண்ணில் படத் தொடங்கும்.

வைனைப் பீப்பாவில் வருடக்கணக்காக வைக்கலாம். கள்ளுக்கு அந்த ஆயுள் இல்லை. பாளையைத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவி, முட்டி கட்டுகிறார்கள். சொட்டும் சாறில் ஏறக்குறையப் பத்திலொரு பங்கு சீனி. முட்டியிலும் காற்றிலும் உள்ள மதுவம் அந்தச் சீனியில் உடனேயே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது இனிக்கும். மத்தியானம் நுரைத்துச் சுள்ளென்று ஏறும். மறுநாள் வினாகிரிப் புளிப்பு. அதே முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசிவிட்டால் நொதிக்காது, கருப்பநீர்தான். அதைக் காய்ச்சினால் பனங்கட்டி.

வெளிநாட்டுக் கடைகளில் கிடைக்கும் போத்தல் கள்ளு, சூடாக்கி நொதிப்பை நிறுத்தியது. குறை சொல்லவில்லை, ஆனால் அது வேறொரு பானம். மரத்தடியில் பிளாவில் வாங்கிக் குடிக்கும்போது பச்சை ஓலை வாசமும் சேர்ந்துதான் வாய்க்குள் போகிறது. ஆடி, ஆவணி விடுமுறைக்கு வருபவர்களுக்கு இது வாய்ப்பதில்லை. அது பனம்பழக் காலம். அப்போது கையில் கிடைப்பது பெரும்பாலும் தென்னங்கள்ளு.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காவலரண்களுக்கும் தறிபட்ட பனைகள் கொஞ்சமல்ல. இன்று நடும் பனங்கொட்டை பாளை விடப் பதினைந்து, இருபது வருடம் செல்லும். ஆனாலும் மரத்தைவிட ஆளுக்குத்தான் இப்போது பெரிய தட்டுப்பாடு. நான் பேசிய சீவல் தொழிலாளி ஐம்பதைத் தாண்டியவர். காலையும் மாலையும் ஏறியே ஆகவேண்டும். சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சாறு நின்றுவிடும். செத்தவீடென்றாலும் ஏறிவிட்டுத்தான் போவாராம். மகனை இந்தத் தொழிலுக்கு விடவில்லை. விழுந்துவிடுவான் என்ற பயம் மட்டும் காரணமல்ல என்றார். கள்ளைக் குடித்துவிட்டு, இறக்கியவரைப் படலைக்கு வெளியே நிறுத்திய ஊர்கள் எங்களுடையவை. பிள்ளைகள் மரத்தைவிட்டு இறங்கியதில் என்ன பிழை?

முன்பு இருபது மரம் ஏறியவர், இந்தப் பருவத்தில் ஒன்பதில்தான் முட்டி கட்டியிருக்கிறார்.